ஜப்பானில் பணிபுரியும் தமிழ்த் தந்தையருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். தோக்கியோவின் எதோகாவா வட்டாரத்தில், நிஷி கசாய், கசாய் நிலையங்களைச் சுற்றியுள்ள அடுக்ககங்களில் குடியிருந்து, காலையில் தோசாய் தடத்து நெரிசலில் நின்றபடியே அலுவலகம் சென்று, பிள்ளை உறங்கிய பிறகு வீடு திரும்பும் தமிழ்த் தந்தையருக்கு, அவர்களில் ஒருவனாக இருந்துகொண்டே இம்மடலை எழுதுகிறேன். யோகோஹாமாவிலும் ஒசாகாவிலும் இருப்போர் இதைத் தமக்கும் எழுதப்பட்டதாகக் கொள்ளலாம். நான் கேட்பது ஒன்றுதான்: குழந்தை பிறக்கும்போது இந்நாட்டுச் சட்டம் தந்தைக்கு அளிக்கும் விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்; மனைவிக்குச் செய்யும் உதவி என்றோ நிறுவனம் காட்டும் சலுகை என்றோ நினைத்து எடுக்காமல், உங்களுக்கே தேவையானது என்று நினைத்து எடுங்கள். இந்தப் பிற்பகுதி என் சொந்த யோசனையன்று. கெய்கோ காஷிவாகி என்னும் ஜப்பானிய உளவியல் அறிஞரின் எழுத்திலிருந்து நான் காலங்கடந்து கற்றது.

காஷிவாகி 1932இல் பிறந்தவர். தோக்கியோ மகளிர் கிறித்தவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றி, அங்கேயே மதிப்புறு பேராசிரியர் நிலை பெற்றவர். வளர்ச்சி உளவியலில் தொடங்கிக் குடும்ப உளவியலுக்கு வந்தவர் என்று அவரை ஒரே வரியில் அறிமுகப்படுத்திவிடுவார்கள். எனக்கு அந்த வரிசையே முக்கியமாகப் படுகிறது. முதலில் குழந்தையைப் பார்த்தார்; பிறகு குழந்தையின் அருகில் இருந்தவரைப் பார்த்தார்; அதன் பிறகுதான் அருகில் இல்லாதவரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

முதற்கட்டத்தில் அவர் செய்தவற்றுள் பெரியது, ஜப்பானிய உளவியலாளர் ஹிரோஷி அசுமா, அமெரிக்கரான ராபர்ட் ஹெஸ் ஆகியோருடன் 1970களில் நடத்திய ஜப்பான் – அமெரிக்க ஒப்பாய்வு. குழந்தைக்கு எந்தத் திறமை எந்த வயதில் வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என இரு நாட்டுத் தாய்மாரிடமும் கேட்டார்கள். அழுகையையும் கோபத்தையும் அடக்கிக்கொள்வது, சொன்னதைக் கேட்பது, மரியாதையாக நடந்துகொள்வது ஆகியவை இளவயதிலேயே வந்துவிட வேண்டும் என்றார்கள் ஜப்பானியத் தாய்மார். தன் கருத்தை வாய்விட்டுச் சொல்வதும் மற்றக் குழந்தைகளோடு பழகத் தெரிவதும் சீக்கிரம் வர வேண்டும் என்றார்கள் அமெரிக்கத் தாய்மார். இதன் தொடர்ச்சியாகவே, மழலையர் பருவத்தில் 'தான்' என்பது எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்து 1988இல் ஒரு நூலை வெளியிட்டார். தன்னை ஆளும் ஆற்றல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை அதில் அவர் இரண்டாகப் பிரித்தார்: வேண்டியதை வேண்டும் என்று சொல்லி நிற்பது ஒன்று, வேண்டியதை அடக்கிக்கொண்டு பொறுத்திருப்பது மற்றொன்று. மழலையர் பள்ளி ஆசிரியர்களின் மதிப்பீட்டைக் கொண்டு பார்த்தபோது, பொறுத்திருக்கும் ஆற்றல் மூன்று வயதிலிருந்து ஆறு வயதைத் தாண்டியும் சீராக ஏறிக்கொண்டே போனது. சொல்லி நிற்கும் ஆற்றலோ நாலரை வயதளவில் ஏறுவதை நிறுத்திக்கொண்டது. அடக்கிக்கொள்வதில் ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகள் முந்தியிருந்தார்கள். குழந்தைகள் இயல்பாக வளர்கிறார்கள் என்று நாம் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு பகுதி பெரியவர்களின் எதிர்பார்ப்பு என்பதை இந்த இரண்டு கோடுகள் எனக்குக் காட்டின. பொறுமையான பெண் பிள்ளை என்று உறவினர் பாராட்டும்போது நான் முன்போல் பூரித்துப்போவதில்லை.

இனி, இம்மடலுக்கு நேரே தொடர்புடைய பகுதிக்கு வருகிறேன். தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவைப் பற்றி நூலகம் நிறைய எழுதிய ஒரு துறை தந்தையைப் பற்றி ஏன் இவ்வளவு சிக்கனமாக இருந்தது என்னும் கேள்வியோடு, தந்தையின் வளர்ச்சி உளவியல் என்னும் தொகுப்பை அவர் 1993இல் கொண்டுவந்தார். தலைப்பைக் கவனியுங்கள். தந்தையால் குழந்தைக்கு என்ன பயன் என்பதோடு நிற்காமல், தந்தையானவன் எப்படி வளர்கிறான் என்பதையும் அது கேட்கிறது. அடுத்த ஆண்டு, வகாமாட்சு என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில், சிறு குழந்தைகளின் தாய்மாரையும் தந்தையரையும், பெற்றோராவதற்கு முன்பிருந்த தம்மோடு இப்போதைய தம்மை ஒப்பிட்டுச் சொல்லச் செய்தார்கள். விடைகளைத் தொகுத்தபோது ஆறு வகை மாற்றங்கள் திரண்டு வந்தன: நெகிழ்ந்து கொடுக்கும் தன்மை, தன்னடக்கம், விதியையும் நம்பிக்கையையும் மரபையும் ஏற்கும் மனம், பார்வை விரிவு, நம்மூரிலும் இப்போது பலருக்குத் தெரிந்துவிட்ட 'இகிகாய்' என்னும் வாழ்வின் பிடிப்பு, தன்னுறுதி. ஆறிலும் தாய்மாரின் மதிப்பெண் தந்தையரின் மதிப்பெண்ணைவிட உயர்ந்திருந்தது.

இந்த முடிவை இருவகையாகப் படிக்கலாம். பெண் இயல்பிலேயே அப்படித்தான், குழந்தை பிறந்ததும் தாய்மை தானாகப் பொங்கி வந்து அவளை மாற்றிவிடுகிறது என்பது ஒரு வாசிப்பு. நம் வீடுகளிலும் இதுவே சொல்லப்படுகிறது. காஷிவாகி இதை ஏற்கவில்லை. மாற்றத்தை உண்டாக்குவது பெற்ற உடலன்று, வளர்க்கும் வேலை என்பது அவர் நிலை. நள்ளிரவில் எழுந்து, எதற்காக அழுகிறது என்று தெரியாமல் தூக்கிவைத்துக்கொண்டு, தன் திட்டம் ஒன்றுகூட நடக்காத ஒரு நாளை முழுதாகக் கழிப்பவர் எவரோ அவரே நெகிழக் கற்கிறார். அந்த வேலையைத் தாய் செய்வதால் தாய் மாறுகிறாள். டிஃபனி ஃபீல்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. கைக்குழந்தையை முதன்மைப் பொறுப்பாக வளர்க்கும் தந்தையரையும், வளர்ப்பில் இரண்டாமிடத்தில் இருக்கும் தந்தையரையும், தாய்மாரையும் ஃபீல்ட் ஒப்பிட்டார். குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதிலும், அது செய்யும் முகச்சுளிப்பைத் திருப்பிச் செய்து காட்டுவதிலும், குரலின் சுருதியை உயர்த்தி அதன் ஒலியைப் போலவே ஒலிப்பதிலும், முதன்மைப் பொறுப்பேற்ற தந்தையர் மற்றத் தந்தையரைவிடத் தாய்மாரையே ஒத்திருந்தார்கள்.

1994ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாம் மாறியதாக அவர்களே சொன்னதுதான் அங்கே சான்று. பெற்றோராவதற்கு முன் அவர்களை யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. நல்ல தாய் என்றால் பொறுமையுள்ளவள் என்று ஊர் சொல்லிவைத்திருக்கும்போது, பொறுமை கூடியிருக்கிறது என்று தாய்மார் விடையெழுதுவதில் வியப்பில்லை. ஆயினும், மதிப்பெண்ணைத் தள்ளிவைத்துவிட்டு அந்த ஆறு சொற்களை மட்டும் எடுத்து என்னோடு பொருத்திப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் மகளுக்குப் பதின்மூன்று மாதம் ஆனபோது மனைவி மீண்டும் வேலைக்குச் சென்றார். குழந்தையை இங்குள்ள பகல்நேரக் காப்பகமான ஹொய்குஎன்னில் சேர்த்தோம். காலையில் கொண்டுபோய் விடும் பொறுப்பு என்னுடையது என்று பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன். ஜப்பானியக் காப்பகங்களில் 'ரென்ராகுச்சோ' என்றொரு குறிப்பேடு உண்டு என்பது பிள்ளைகளைச் சேர்த்தவர்களுக்குத் தெரியும். நேற்றிரவு எத்தனை மணிக்குத் தூங்கினாள், இடையில் விழித்தாளா, காலையில் எழுந்தது எப்போது, உடல்வெப்பம் எவ்வளவு, இரவும் காலையும் என்ன சாப்பிட்டாள், மலம் எத்தனை முறை, இளக்கமா இறுக்கமா என்று கட்டம் கட்டமாக இருக்கும். முதல் நாள் காலை, வாசலில் காலணி அடுக்கும் பலகைமேல் அந்த ஏட்டை விரித்துவைத்துக்கொண்டு நின்றேன். வெப்பமானியைக் கக்கத்தில் வைத்து 36.8 என்று ஒரு கட்டத்தை நிரப்பினேன். மற்றக் கட்டங்களில் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. மனைவியை அழைத்தேன், ரயிலில் இருந்தார், இந்நாட்டு ரயிலில் யாரும் தொலைபேசியில் பேச மாட்டார்கள், எடுக்கவில்லை. சற்று நேரத்தில் எழுத்தாக விடை வந்தது. பத்து மணிக்குத் தூங்கினாள், இரண்டு முறை விழித்தாள், காலையில் அரை இட்லி, மலம் ஒரு முறை. அதற்குக் கீழே ஒரு வரி: "அதே அறையில்தானே தூங்கினீர்கள்?" நான் அந்த விடைகளைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை குனிந்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

இதற்குக் காரணம் என் கல்நெஞ்சம் என்று நான் நினைக்கவில்லை. வளைகாப்பு முடிந்து, விமானத்தில் ஏற்றுவார்களோ மாட்டார்களோ என்று அஞ்சி, ஏழாம் மாதத்திலேயே மனைவியைக் கும்பகோணத்துக்கு அனுப்பினேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஜப்பானியர்களிடமும் இதே வழக்கம் இருக்கிறது. பேறுகாலத்துக்குப் பெண் பிறந்தகம் செல்வதை அவர்கள் 'சதோகாஎரி' என்கிறார்கள். குழந்தை பிறந்தபோது பத்து நாள் போய் வந்தேன். நான்காம் மாதம் நரிதா விமான நிலையத்தில் மகளை மறுபடி பார்த்தபோது, என் கைக்கு வந்ததும் அழுதாள். அவர்களோடு மாமியார் 90 நாள் விசாவில் வந்திருந்தார். அவர் கிளம்பிய வாரம் என் தாயார் வந்தார். இரண்டு பாட்டிமாரும் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, உரை மருந்து கொடுத்து வளர்த்ததற்கு என் நன்றி என்றும் உண்டு. ஆனால் அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் கைப்பழக்கம் வந்துவிட்டிருந்தது. நான் தூக்கினால், "கழுத்து, கழுத்து" என்று நாலு கை நீளும். கொடுத்துவிட்டு மடிக்கணினிக்குத் திரும்புவேன். அயல்நாட்டில் நமக்கு ஆள்துணை இல்லை என்று புலம்புகிறோம். துணை வந்து நிற்கும்போது முதலில் வெளியேறுபவன் தந்தை.

பிள்ளை வளர்ப்பு தாயின் வேலை என்பது ஜப்பானின் தொன்மையான பண்பாடு, அதில் நாம் என்ன சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று வயது வரை தாயே முழுநேரமும் வளர்க்காவிட்டால் குழந்தைக்குக் கேடு என்னும் நம்பிக்கையை இங்கே 'மூன்று வயதுத் தொன்மம்' என்றே அழைக்கிறார்கள். அதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் எதுவும் காணப்படவில்லை என்று 1998ஆம் ஆண்டு அரசின் சுகாதார நல வெள்ளை அறிக்கையே எழுதிவிட்டது. அதற்கு முன்பே, கட்சுகோ மகினோ என்னும் ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகள் பிள்ளை வளர்ப்புக் கவலை என்பதை ஒரு தனிப் பொருளாக்கியிருந்தன. வேலைக்குப் போய்க்கொண்டு திண்டாடும் தாயைவிட, வீட்டிலேயே குழந்தையோடு தனித்திருக்கும் தாய்க்கே கவலையும் எரிச்சலும் மிகுதி என்பது ஜப்பானிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. கணவன் வளர்ப்பில் பங்கெடுக்கும் வீடுகளில் அது குறைந்திருந்தது. சார்பு விசாவில் வந்து, மொழி தெரியாமல், பகல் முழுவதும் இரண்டு அறைக்குள் கைக்குழந்தையோடு இருக்கும் நம் மனைவியரை நினைத்துக்கொண்டு இந்த வரியை மறுபடி படியுங்கள்.

காஷிவாகியின் நூல்களில் அதிகம் பேசப்பட்டது 2001இல் வெளிவந்த 'குழந்தை என்னும் மதிப்பு'. பிறப்பு விகிதம் சரியும் காலத்துப் பெண்களின் மனம் அதன் பொருள். 1966ஆம் ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.58 குழந்தை என்று விகிதம் திடீரென விழுந்தது. பழைய அறுபதாண்டுச் சுழற்சியில் அது நெருப்புக் குதிரை ஆண்டு. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்பது இங்குள்ள நம்பிக்கை. நம்மூரில் மூலம், ஆயில்யம் என்று பெண்ணைத் தள்ளிவைப்பார்களே, அது போன்றது. 1989இல் எந்தக் குதிரையும் இல்லாமலே விகிதம் 1.57 ஆனபோது அரசு அதிர்ந்துபோனது. 2024இல் 1.15, பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 6,86,000. இந்தச் சரிவைப் பெண்களின் தன்னலம் என்று பேசியவர்களுக்கு மாறாக, குழந்தை என்பதன் பொருளே மாறிவிட்டது என்றார் காஷிவாகி. முன்பு குழந்தை 'சஸுகாரு', அதாவது வரமாக வந்து சேர்வது. இப்போது 'த்ஸுகுரு', நாமே முடிவு செய்து உண்டாக்கிக்கொள்வது. நகஹிசா என்னும் ஆய்வாளருடன் அவர் செய்த ஆய்வில், முந்தைய தலைமுறைத் தாய்மாரைவிட இளைய தலைமுறையினர், தம் வாழ்க்கையின் நிலையையும் வசதியையும் எடைபோட்டுப் பார்த்தே பிள்ளை பெறுவதைத் தீர்மானித்திருந்தார்கள். நாமும் அப்படித்தானே? விசா புதுப்பித்தல், பதவி உயர்வு, ஊரில் வீட்டுக் கடன் எல்லாம் பார்த்து, ஆண்டைக் கணக்கிட்டுத்தான் பெற்றுக்கொள்கிறோம். இருவர் கூடி எடுத்த முடிவின் வேலை மட்டும் ஏன் ஒருவருக்குப் போகிறது என்பதற்குப் பழைய வழக்கத்திடம் விடை கிடையாது. வரமாக வந்த காலத்து ஏற்பாடு அது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பிள்ளை வளர்ப்பு விடுப்புச் சட்டம் 1992 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே அது தந்தைக்கும் உரியது. மனைவி வீட்டில் இருப்பதைக் காரணம் காட்டி, தொழிலாளர் தரப்போடு உடன்படிக்கை செய்துகொண்டு கணவரை விலக்கிவைக்க நிறுவனங்களுக்கு இருந்த வழி 2010இல் அடைக்கப்பட்டது. 'என் மனைவி வேலைக்குப் போகவில்லை, எனக்குக் கிடைக்காது' என்று நண்பர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறேன், அது தவறு. 2022 அக்டோபர் முதல், குழந்தை பிறந்த எட்டு வாரத்துக்குள் தந்தை நான்கு வாரம் வரை எடுத்துக்கொள்ளத் தனி விடுப்பு வந்துவிட்டது; அதை இரண்டாகப் பிரித்தும் எடுக்கலாம். அது முடிந்தபின், குழந்தைக்கு ஒரு வயதாகும் வரையிலான வழக்கமான விடுப்பு தனியே இருக்கிறது. வேலைக் காப்பீட்டில் போதிய காலம் சேர்ந்திருப்பவருக்கு முதல் 180 நாள் ஊதியத்தில் 67 விழுக்காடு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, வந்துசேரும். 2025 ஏப்ரலிலிருந்து, பிறந்த எட்டு வாரத்துக்குள் 14 நாளுக்குக் குறையாமல் எடுக்கும் தந்தைக்கு, 28 நாள் வரை மேலும் 13 விழுக்காடு உண்டு. அதற்கு மனைவியும் விடுப்பெடுத்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை, அவர் இல்லத்தரசியாக இருந்தால் பொருந்தாது. இந்தத் தொகைக்கு வரியில்லை. சமூகக் காப்பீட்டுத் தவணையும் தள்ளுபடியாவதால், அந்த 28 நாளில் வருவது வழக்கமாகக் கைக்கு வரும் சம்பளத்துக்கு ஏறத்தாழச் சமம். நாட்டுரிமை இதில் குறுக்கே வராது. இந்தியாவிலேயே சம்பளம் பெற்றுக்கொண்டு இங்கே அனுப்பப்பட்டிருப்பவர்கள் மட்டும் தம் காப்பீட்டு நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மனைவி கருவுற்றிருப்பதை நீங்கள் அறிவித்ததும், இந்த விடுப்பை விளக்கி, எடுக்க விருப்பமா என்று கேட்க வேண்டிய கடமை 2022 ஏப்ரல் முதல் நிறுவனத்துக்கு உண்டு. எடுத்ததற்காகப் பதவியிறக்கம் போன்ற தீங்கு செய்வதைச் சட்டம் தடுக்கிறது.

ஜப்பானியரே எடுப்பதில்லையே என்ற பதில் இனிச் செல்லாது. 1996இல் விடுப்பெடுத்த ஆண்கள் 0.12 விழுக்காடு. "குழந்தையை வளர்க்காத ஆணைத் தந்தை என்று அழைப்பதில்லை" என்று 1999இல் அரசு சுவரொட்டி ஒட்டியபோது பலர் சினந்தார்கள். 2024ஆம் நிதியாண்டில் அது 40.5 விழுக்காடு. ஆனால் எண்ணிக்கையைக் கண்டு ஏமாறவும் கூடாது. விடுப்பெடுத்து வீட்டில் படுத்திருக்கும் கணவர்களைக் குறிக்க, 'எடுப்பதோடு சரி' என்னும் பொருளில் 'தோரு தாகே இகுக்யூ' என்று ஒரு சொல்லே உருவாகிவிட்டது. 2021ஆம் ஆண்டு அரசு எடுத்த நேரக் கணக்கின்படி, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள வீட்டில் வீட்டுவேலைக்கும் பிள்ளைக்குமாக ஒரு நாளில் மனைவி செலவிட்டது 7 மணி 28 நிமிடம். கணவன் 1 மணி 54 நிமிடம்.

"கைக்குழந்தையில் அம்மா பார்க்கட்டும், படிக்கும் வயதில் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது நம்மவரின் உறுதியான வாதம். பெற்று வளர்ப்பது தாய், அறிவுடையவனாக்குவது தந்தை என்று மரபே பங்கு பிரித்துக் கொடுத்திருப்பதால் இது நமக்கு உறுத்துவதும் இல்லை. காஷிவாகி 2008இல் எழுதிய 'குழந்தை வளர்வதற்கான நிபந்தனைகள்' இந்த இடத்தில் கசப்பானது. பிள்ளைகள் குறைந்துபோன வீட்டில், செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிடுவதே அன்பு என்று பெற்றோர் நம்பி, குழந்தை கேட்பதற்கு முன்பே ஓடிப்போய் வழி அமைத்துவிடுகிறார்கள். தானாக வளரும் ஆற்றல் அங்கே நசுங்குகிறது என்கிறார். ஐந்து வயதில் கணக்குப் பயிற்சி, எட்டு வயதில் நிரலெழுத்து, பத்து வயதில் ஊருக்குத் திரும்பி நுழைவுத் தேர்வு என்று அட்டவணை போடும் தந்தையை நான் எங்கள் அடுக்ககத்திலேயே காட்ட முடியும். கண்ணாடியிலும் காட்ட முடியும். அந்தப் பிள்ளை எதற்கு அழும், எதைப் பார்த்து நிற்கும் என்று அறியாதவர் போடும் அட்டவணை அது. ஐந்தாண்டு கழித்து அவர் எழுதிய அடுத்த நூலின் தலைப்பு 'பெரியவர்கள் வளர்வதற்கான நிபந்தனைகள்'.

எங்களுக்கு இரண்டாம் குழந்தை பிறக்கவிருக்கிறது. இம்முறை பேறுகாலம் இங்கேதான் என்று முடிவு செய்திருக்கிறோம். ஊரில் கொஞ்சம் மனவருத்தம் உண்டு. முதல் நான்கு வாரம் நான் விடுப்பில் இருப்பேன், பாட்டிமார் அதன் பிறகே வருவார்கள். அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தபோது, பொறுப்பிலிருந்தவர் மிகுந்த அக்கறையோடு, மனைவிக்கு உடல்நலம் ஏதும் சரியில்லையா என்று கேட்டார். நலமாக இருக்கிறார் என்றேன். அதற்குமேல் ஜப்பானிய மொழியில் விளக்க எனக்குச் சொல் வரவில்லை. தமிழில் வந்ததை உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

படிவங்கள் ஜப்பானிய மொழியில் இருப்பது தடையாகத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து நிரப்பலாம். எழுதும்போது மருத்துவர் குறித்துக் கொடுத்த பேறு நாளையும் குறிப்பிடுங்கள். முதல் நான்கு வார விடுப்புக்கு இரண்டு வாரம் முன்பும், வழக்கமான விடுப்புக்கு ஒரு மாதம் முன்பும் விண்ணப்பிக்க வேண்டும். எட்டு வாரக் கணக்கில், குழந்தை பிறந்த நாளோடு மருத்துவர் குறித்த நாளும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது.

இப்படிக்கு,
எதோகாவாவில் வசிக்கும் ஒரு தந்தை